நெருப்புக்கு எட்டாவது இடம்

எங்கள் கம்பெனியில் நெருப்புக்கு எட்டாவது இடம். முதல் இடம் எம்.டி.க்கு. இரண்டாவது இடம் எம்.டி.யின் மகனுக்கு. அவர் லண்டனில் படித்துக்கொண்டிருந்தார், கம்பெனியில் அவருக்கென்று ஒரு மைக் கூடக் கிடையாது. மூன்றாவது ஜி.எம்., நான்காவது ஃபேக்டரி மேனேஜர், ஐந்தாவது பர்சனல் மேனேஜர், ஆறாவது டைம் ஆபீஸ், ஏழாவது பாட்டு. சினிமாப் பாட்டுக்கும் கீழேதான் தீ எச்சரிக்கை மணி. நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. லெட்டர்ஹெட்டில் டைப் அடித்து, ரப்பர் ஸ்டாம்ப் குத்தி, ஜி.எம். பச்சை மையில் கையெழுத்துப் போட்ட பட்டியல் இது.

2007ஆம் வருஷம். ஆம்பூர் பைபாஸ் ஓரம் ஒரு ஷூ கம்பெனி. பெயர் வேண்டாம், எனக்கு இன்னும் அங்கே வேலை செய்கிற சிநேகிதிகள் இருக்கிறார்கள். என் பெயர் ஃபீபி. எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா. சத்துவாச்சாரியிலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம் தூங்கிக்கொண்டே போய் இறங்குவேன். மெயின்டனன்ஸில் பதினோரு ஆண்களுக்கு நடுவில் நான் ஒருத்திதான் பெண். ஆறு மாசம் ப்ரொபேஷன், இந்தக் கதை நடந்த மாசக் கடைசியோடு முடிகிறது. பர்மனென்ட் ஆனால் சரி. ஆகாவிட்டால் ஜூனில் நர்சிங் சேர வேண்டும் என்று அம்மாவோடு ஒப்பந்தம். அம்மா ரோஸ், இருபத்தாறு வருஷமாக ஸ்டாஃப் நர்ஸ். "ஊசி புடிக்க வேண்டிய கையில ஸ்க்ரூ டிரைவரப் புடிச்சிக்கினு சுத்துறா" என்று சர்ச்சில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். எனக்கோ ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வரும். கொசுவை அடித்தால் வருகிற ரத்தத்துக்கே வரும்.

அந்தப் பெட்டி வந்த கதையைச் சொல்கிறேன். எங்கள் ஷூவை வாங்கும் ஜெர்மன் கம்பெனி ஒரு கடிதம் போட்டது. ஆபத்து என்றால் அறிவிப்பு ஒவ்வொரு செக்ஷனிலும் கேட்க வேண்டும், ஆடிட்டர் நேரில் வந்து பார்ப்பார் என்று. உடனே பழைய ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக் கடாசிவிட்டு, சென்னையிலிருந்து ஒரு டிஜிட்டல் ஆடியோ ப்ராசஸர் வாங்கினார்கள். பார்க்க டிவிடி பிளேயர் மாதிரி இருக்கும். பின்பக்கம் எட்டு இன்புட், எட்டு அவுட்புட். முன்பக்கம் திருக ஒரு குமிழ் கூடக் கிடையாது. லேப்டாப்பை மாட்டினால் திரையில் கட்டம் கட்டமாக வரும். இடது பக்கம் மேலிருந்து கீழாக, யார் பேசுகிறார்கள் என்பது. மேல் வரிசையில், எங்கே கேட்க வேண்டும் என்பது: கட்டிங், ஸ்டிச்சிங், பேஸ்டிங், லாஸ்டிங், பினிஷிங், கேன்டீன், ஆபீஸ், வாசல். இரண்டும் சந்திக்கிற கட்டத்தைத் தட்டினால் பச்சையாகும். அந்தக் குரல் அந்த இடத்துக்குப் போய்ச் சேரும். அவ்வளவுதான். பல்லாங்குழி ஆடத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு மணி நேரத்தில் வந்துவிடும்.

வில்லங்கம் அதற்குப் பக்கத்தில் இருந்தது. ஒவ்வொரு இன்புட்டுக்கும் ஒரு எண் கொடுக்க வேண்டும். ஒன்றாம் எண் பேசினால் மற்ற ஏழும் வாயை மூடிக்கொள்ளும். இரண்டாம் எண் பேசினால் ஒன்றைத் தவிர மற்றவை மூடிக்கொள்ளும். பெட்டியை மாட்ட வந்த சென்னை இன்ஜினியர், "பிரயாரிட்டி லிஸ்ட் குடுங்க சார்" என்று கேட்டிருக்கிறார். எங்கள் ஆட்கள் அதை ஆண்டு விழா மேடையில் நாற்காலி போடுகிற விஷயமாக எடுத்துக்கொண்டார்கள். இரண்டு மணி நேரம் மீட்டிங், இரண்டு ரவுண்டு சமோசா. ஜி.எம்.முக்கு முன்னால் சின்ன எம்.டி.யா, பின்னால் சின்ன எம்.டி.யா என்பதிலேயே ஒரு மணி நேரம் போனதாம். தீ மணிக்காகப் பரிந்து பேச அங்கே யாரும் இல்லை. கடைசியில் மிச்சம் இருந்தது எட்டாம் எண், அதை அதன் தலையில் கட்டிவிட்டார்கள். இன்ஜினியரும் மறுபேச்சுப் பேசாமல் பட்டியலை ஏற்றி, பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டி நெற்றியிலேயே ஒட்டிவிட்டு, நாலு மணி பஸ்ஸுக்கு ஓடிப்போனார்.

எம்.டி. இஷ்தியாக் அகமது கெட்ட மனிதர் இல்லை. யாரையும் வாடா போடா என்று பேச மாட்டார். தொழிலாளி வீட்டுக் கல்யாணம் என்றால் தானே போய் நிற்பார். ஆனால் மைக் கிடைத்தால் மட்டும் விட மாட்டார். தினமும் காலை பதினோரு மணிக்கு எட்டு இடத்துக்கும் உரை. தரம், ஒழுக்கம், நேரம் தவறாமை, பாத்ரூம் குழாயை மூடுவது. பத்து நிமிஷம் என்று ஆரம்பித்து நாற்பது நிமிஷம் போகும். பதினோரு வருஷமாக இது நடக்கிறது. அந்த நாற்பது நிமிஷத்தில் தீப்பிடித்தால், அவர் நன்றி சொல்லி முடிக்கும்வரை தீ கை கட்டிக் காத்திருக்க வேண்டும். இதை நான் கண்டுபிடித்தபோது ஆடிட்டுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

எங்கள் ஃபோர்மேன் தானியேலிடம் போய்ச் சொன்னேன்.

"அண்ணா, எம்.டி. பேசும்போது பெல் அடிச்சா கேக்காதுண்ணா."

"எம்.டி. பேசும்போது எவன்மா பெல் அடிப்பான்? அவ்ளோ தைரியம் எவனுக்கு இருக்கு?"

"நெருப்புக்கு இருக்குண்ணா."

"அதுக்கு இன்னா பண்ணணும்ன்ற இப்போ? நெருப்பக் கொண்டாந்து எம்.டி. தல மேல உக்கார வெக்கணுமா?" தானியேல் அண்ணா யோசித்தார். அவருக்குச் சண்டை சச்சரவு ஆகாது. "ஒண்ணு பண்ணு. ரெண்டையும் கலந்து வுடு. அவரும் பேசட்டும், பெல்லும் அடிக்கட்டும். யாருக்கும் மனக்கசப்பு இல்ல."

சரி, அதையும் பார்த்துவிடலாம் என்று, எம்.டி. சென்னை போயிருந்த அன்று சோதித்தோம். தானியேல் அண்ணா எம்.டி. அறைக்குள் போய், அந்த நாற்காலியில் உட்காராமல் பக்கத்தில் நின்றுகொண்டே, மைக்கில் பேப்பர் ராசிபலனை வாசித்தார். நான் பெட்டியில் இரண்டையும் கலந்துவிட்டு, மணியையும் அடிக்க விட்டு, பேஸ்டிங் அறைக்குள் போய் நின்றேன். பேஸ்டிங் என்பது தோலுக்கும் சோலுக்கும் பசை தடவி ஒட்டுகிற இடம். பசையைச் சொல்யூஷன் என்போம். தீக்குச்சியைக் காட்டினால் பிடித்துக்கொள்ளும். பசை காய ஒரு மூலையில் ஹீட்டர் வேறு. நாற்பத்து மூன்று பெண்கள் வேலை செய்தார்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் லாரி மாதிரி உறுமும். கடக ராசிக்குத் தொழிலில் மேன்மை என்று ஸ்பீக்கரில் வந்தது, அதற்கு அடியில் கிணுகிணு என்று மணி.

"யாருதோ செல்லு அடிக்குது, எடுங்கடி" என்றது ஒரு குரல்.

"எம்.டி.யோடது போல. அவரு மைக்லதான் கேக்குது" என்றது இன்னொன்று.

கேன்டீனுக்கு ஓடிப் பெட்டியில் மணியின் சத்தத்தைக் கூட்டிவிட்டு வந்தேன். கூட்டினால் இரண்டும் சேர்ந்து ஒரே கூச்சல், எதுவும் விளங்கவில்லை. பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு திட்டினார்கள். தானியேல் அண்ணாவின் சமாதானத் திட்டம் அத்தோடு ஊற்றிக்கொண்டது. ஒன்று பேச வேண்டுமானால் இன்னொன்று வாயை மூடத்தான் வேண்டும்.

பர்சனல் மேனேஜர் அப்துல் வஹீத் சாரிடம் போனேன். அவர் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். யாருக்கும் முடியாது என்று சொல்ல மாட்டார், எதையும் செய்யவும் மாட்டார்.

"சார், ஃபயர் பெல்ல ஒண்ணாம் நம்பர்ல போடணும்."

"அப்ப எம்.டி.?"

"ரெண்டுல சார்."

"சின்ன எம்.டி.?"

"அவருக்கு மைக்கே இல்லியே சார்!"

"டிசம்பர்ல வர்றாரும்மா." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ சொல்றது எனக்குப் புரியுது. ஆனா நான் போயி அவருகிட்ட இன்னான்னு சொல்றது? சார், உங்கள ஒரு படி கீழ எறக்கிட்டோம்னா? பேஜாராயிடும். ஆடிட்டர் வந்தா பெல்ல மட்டும்தான் அடிச்சிப் பாப்பாரு. அப்ப எம்.டி. பேச மாட்டாரு. பெல் நல்லா கேக்கும். முடிஞ்சிது வேல." மேஜை டிராயரைத் திறந்து ஒரு தாளைப் பாதி வெளியே எடுத்துக் காட்டினார். "உன்னோட கன்பர்மேஷன் பேப்பர். ஆடிட் நல்லபடியா முடியட்டும், கையெழுத்து போட்டுடறேன். அதுவரைக்கும் அந்தப் பெட்டியத் தொடாத."

டிராயர் மூடிக்கொண்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மேஜையையே கவிழ்த்திருப்பேன். ஆனால் என் தாள் அதற்குள் இருந்தது.

மத்தியானம் சைராக்காவோடு சாப்பிட்டேன். சைராக்கா பேஸ்டிங்கில் எனக்குத் தெரிந்த ஒரே ஆள், என்னைவிடப் பதினைந்து வயசு மூத்தவள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்து, "இத்தத் தின்னுட்டா மெஷின் ரிப்பேர் பண்ணப் போற?" என்று தன் தால்ச்சாவில் பாதியை ஊற்றினவள்.

"அந்த பெல்லா?" என்றாள். "அது ஒரு லூசுடி. தோலு தேய்க்கிற பஃபிங் தூசி போனா அடிக்கும். கரன்ட் போயி வந்தா அடிக்கும். மொத தடவ அடிச்சப்போ அல்லாரும் ஓடினோம். சூப்பர்வைசர் கத்தி உள்ள தொரத்தி வுட்டாரு. இப்பல்லாம் எவளும் தலையக்கூடத் தூக்கறதில்ல."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். எம்.டி. பேசினால் மணி கேட்காது. கேட்டாலும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். அந்த நாற்பத்து மூன்று பேரில் ஒருத்தி என்னைப் பார்த்து, "ஏன்டி மூஞ்சி தொங்குது, சாப்புடு" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். இரண்டாவது கோளாறுக்கு என்னிடம் மருந்து இல்லை. முதல் கோளாறு என் கைக்கெட்டும் தூரத்தில், கேன்டீன் மூலையில், நெற்றியில் பாஸ்வேர்டோடு உட்கார்ந்திருந்தது.

ஆடிட் நாள் காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினேன். கேன்டீனில் ஆயுத பூஜை மாதிரி தோரணம் கட்டியிருந்தார்கள், ஆள் யாரும் இல்லை. லேப்டாப்பை மாட்டினேன். தீ மணி, ஒன்று. எம்.டி., இரண்டு. லண்டன்காரரை எட்டுக்கு அனுப்பினேன், அங்கிருந்து அவருக்குத் தெரியப் போவதில்லை. சேமிக்கட்டுமா என்று பெட்டி கேட்டது. வெள்ளை நர்சிங் யூனிஃபார்ம் ஒன்று கண்ணெதிரே ஹேங்கரில் ஆடியது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? தட்டிவிட்டேன்.

பதினோரு மணிக்கு எம்.டி. தன் அறை மைக்கைக் கேன்டீனுக்குக் கொண்டுவரச் சொல்லிப் பிடித்தார். எதிரே ஜெர்மன் ஆடிட்டர், பனைமர உயரம், கையில் நோட்டு. சுற்றிலும் ஆபீஸ் ஆட்கள். செக்ஷன்களில் எல்லோரும் வேலையைப் பார்த்துக்கொண்டே ஸ்பீக்கரில் கேட்டார்கள். நான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். இருபது நிமிஷம் ஆங்கிலம். அப்புறம் தொழிலாளிகளுக்காகத் தமிழ்.

"நம்ம கம்பெனியில ஒவ்வொரு தொழிலாளியோட உயிரும் என்னோட உயிரு மாதிரி. அதுக்கு ஒரு ஆபத்துன்னா, மொத ஆளா நான் வந்து..."

குரல் அறுந்தது. டணடணவென்று மணி.

எம்.டி. மைக்கைத் தட்டினார். ஊதினார். திருப்பிப் பார்த்தார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. பதினோரு வருஷத்தில் அவரை யாரும் பாதியில் நிறுத்தியதில்லை. முகத்தில் கோபத்தைவிடத் திகைப்புதான் அதிகம் இருந்தது. வஹீத் சார் என்னைப் பார்த்தார். ஒரே பார்வையில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"ஆஃப் பண்ணு! ஆஃப் பண்ணும்மா!"

"பண்ண மாட்டேன் சார்."

அந்த வார்த்தை எங்கிருந்து வந்ததென்று தெரியாது. அவர் சுவிட்சை நோக்கி வந்தார். நான் இரண்டு கையையும் விரித்துப் பெட்டிக்கு முன்னால் நின்றுவிட்டேன்.

"ஃபீபி, தள்ளு. வேல வேணுமா வேணாமா உனக்கு?"

"வேணும் சார். மொதல்ல பெல்லு எதுக்கு அடிக்குதுன்னு பாருங்க சார்!"

ஜன்னல் வழியாகத்தான் முதலில் பார்த்தோம். பேஸ்டிங் கதவு படாரென்று திறந்தது. பெண்கள் ஓடி வந்தார்கள். நடந்து அல்ல, ஓடி. சிலர் கையில் செருப்பு. சைராக்கா பாதி ஒட்டின ஷூ ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடி வந்தாள். கடைசி ஆள் வெளியே வந்து முடிக்கவும், அவள் முதுகுக்குப் பின்னால் கரும்புகை சுருண்டு வந்தது.

சூடு மிஞ்சினால் ஹீட்டரை நிறுத்த வேண்டிய தெர்மோஸ்டாட் சிக்கி நின்றுவிட்டிருக்கிறது. மேலே கிடந்த துணி தீப்பிடித்து, அது சொல்யூஷன் டின்னில் விழுந்திருக்கிறது. ஹீட்டர் ரேக்குக்குப் பின்னால் இருந்ததால் உள்ளே ஒருத்தரும் பார்க்கவில்லை. தானியேல் அண்ணாவும் ஆட்களும் தீயணைக்கும் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சண்டை ஆகாத மனிதர் அன்று நெருப்போடு போட்ட சண்டையைப் பார்க்க வேண்டும், கெட்ட வார்த்தை உட்பட. அணைத்து முடித்தபோது இரண்டு மேஜையும் ஷூவின் மேல்தோல் முந்நூறு ஜோடியும் கரிக்கட்டை. வாசலில் தலை எண்ணினார்கள். நாற்பத்து மூன்று. எனக்கு நம்பிக்கை வராமல் நானும் ஒரு தடவை எண்ணினேன்.

ஆடிட்டர் கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் எழுதினார். ஒரு நிமிஷம் இருபது வினாடி, மிக நல்ல ஒத்திகை, புகை கூட ரொம்பத் தத்ரூபமாக இருந்தது என்று பாராட்டினார். வஹீத் சார் இமைக்கவில்லை. "தேங்க் யூ சார்" என்றார்.

மறுநாள் காலை எனக்கு மெமோ. எம்.டி. அவர்களின் உரையை அனுமதியின்றி இடைமறித்தது ஏன் என்று மூன்று நாளுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். மாசம் முடிய நாலு நாள். வீட்டுக்குப் போனால் அம்மா நர்சிங் அப்ளிகேஷனில் என் பெயரையும் பிறந்த தேதியையும் தன் கையாலேயே நிரப்பி வைத்திருந்தாள். போட்டோ ஒட்டுகிற இடம் மட்டும் காலியாக இருந்தது.

என்னத்தை எழுதுவது? சர்க்யூட், எண், கட்டம் என்று இரண்டு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. மணி அடித்தால் தலையைத் தூக்க மாட்டோம் என்றவர்கள் எப்படி அத்தனை வேகமாக ஓடி வந்தார்கள்? சைராக்காவிடமே கேட்டேன்.

"பெல்லுக்கா ஓடினோம்?" என்று என் தலையில் ஒரு தட்டு தட்டினாள். "பெல்லு அது பாட்டுக்கு அடிக்கும். பெரியவரு பேச்சு பாதியில நின்னுச்சேடி! கல்யாணத்துல கரன்ட் போனாலும் நிறுத்தாத மனுஷன். அவரு வாயவே ஒண்ணு மூடிச்சுன்னா, அது சாதாரண சங்கதியா இருக்குமா? தூக்கிவாரிப் போட்டுச்சு. அல்லாரும் ஒரே பாய்ச்சல்."

அதைத்தான் விளக்கமாக எழுதினேன். சைராக்கா சொன்னதை, ஒரு வார்த்தை மாற்றாமல், கீழே என் கையெழுத்து.

வஹீத் சார் படித்தார். நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "இத எப்படிம்மா உள்ள கொண்டுபோறது?" என்றார். ஆனால் கொண்டுபோனார். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்து, டிராயரைத் திறந்து, என் தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்கக் கேட்டேன்: "எம்.டி. இன்னா சார் சொன்னாரு?"

"ரெண்டு தடவ படிச்சாரு. 'பதினோரு வருஷமா பேசறேன் வஹீத், நான் பேசி ஒருத்தரும் அசைஞ்சதில்ல. நிறுத்தினதும் ஓடிட்டாங்க பாரு'ன்னாரு." வஹீத் சார் குரலைத் தாழ்த்தினார். "அந்த நம்பர மாத்த வேணாம்னுட்டாரு. இருக்கட்டும்."

நெருப்பு இன்றைக்கும் ஒன்றாம் இடத்தில்தான் இருக்கிறது. எம்.டி.யும் பதினோரு மணிக்குப் பேசிக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் அடுத்த வாரமே ஒரு புதுச் சிக்கல் வந்தது. பேச்சின் நடுவே அவர் தண்ணீர் குடிக்க நிறுத்தினார். பேஸ்டிங்கில் நாற்பத்து மூன்று பேரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். அதிலிருந்து டம்ளரைத் தொடுமுன் அவரே மைக்கில் சொல்லிவிடுகிறார்: "தண்ணி குடிக்கப் போறேம்மா. யாரும் எழுந்திரிக்காதீங்க."